ஓடுபாதை வரை போய்த் திரும்பியவர்களுக்கு: வாசகர் கேள்வி பதில்

சிறு விமானம் ஓட்டப் பழகும் வாசகர்களின் கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே முறைப்பாடுதான்: இழுபடுகிறது. அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில். பதில் சொல்பவர்கள் பறப்புப் பயிற்றுநர் ஒருவரும் விமானப் பராமரிப்புப் பொறியியலாளர் ஒருவரும்.

*

கொக்குவில் வாசகர்: வெள்ளி இரவு பஸ் எடுத்து சனி காலை கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை விமான நிலையத்துக்குப் பறக்கப் பழகப் போகிறேன். மழை, விமானம் பழுது, பயிற்றுநர் வரவில்லை என்று ஏதாவது ஒன்று வந்துவிடும். எட்டு மாதத்தில் 14 மணித்தியாலம்தான் பறந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்குவது போலக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: உங்களுக்குத் தோன்றுவது சரி. தொடக்க நிலையில் மூன்று நான்கு கிழமை இடைவெளி விட்டால், ஒரு மணித்தியாலப் பாடத்தில் முதல் அரை மணித்தியாலம் பழையதை மீட்டெடுக்கவே போய்விடும். முழு மணித்தியாலத்துக்கும் காசு கட்டிவிட்டுப் பாதிதான் புதிதாகப் படிக்கிறீர்கள். மாதம் ஒன்று இரண்டாகச் சொட்டுச் சொட்டாகப் பறப்பது செலவு குறைந்த வழி என்று பலர் நினைக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அதுதான் ஆகக் கூடிய செலவு.

எங்கள் யோசனை: மூன்று நான்கு மாதம் பறப்பதை நிறுத்துங்கள். அந்தக் காசைச் சேருங்கள். பிறகு 12 நாள் லீவு எடுத்து ஒரே மூச்சில் பறவுங்கள். நாளுக்கு இரண்டு பறப்பு பதிந்து வையுங்கள், ஒன்று காலை 7 மணிக்கு, மற்றது 9 மணிக்கு. இதில் பாதி கைநழுவும் என்று முதலே எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் பத்துப் பன்னிரண்டு பறப்புக் கிடைக்கும். அடுத்தடுத்த நாட்களில் கிடைக்கும் பத்துப் பறப்பு, எட்டு மாதத்தில் சிதறிக் கிடக்கும் இருபதைவிட மேல். அடுத்த தொகுதியை ஆறு கிழமைக்குள் வைத்துக்கொண்டால் பிடித்தது விட்டுப்போகாது.

மாதத்தையும் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள். மேற்குக் கரையில் ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். வடகீழ்ப் பருவக்காற்றின் மழை பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டாது. மார்ச் கடைசியும் ஏப்ரலும் காலையில் தெளிவு, மத்தியானத்துக்குப் பிறகு இடி. மே நடுப்பகுதி தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று; இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அடைத்துவிட்டு ஒரு காலை பளிச்சென்று விடும். அந்தக் காலை யாழ்ப்பாணத்தில் இருப்பவருக்கு எட்டாது, கொழும்பு வெள்ளவத்தையில் இருப்பவருக்கு எட்டும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழைதான் பெரிய தொல்லை. கண்பார்வைப் பறப்புக்குக் கட்டுப்பாட்டு வலயத்துக்குள் (விமான நிலையத்தைச் சுற்றிக் கோபுரம் கட்டுப்படுத்தும் வான்பரப்பு) மேகத்தளம் 1500 அடியும் பார்வைத்தூரம் 5 கிலோமீற்றரும் வேண்டும். அதற்குக் குறைந்தால் பயிற்றுநரோடு வாக்குவாதப்பட்டுப் பயனில்லை.

இரவு பஸ் பற்றியும் ஒரு சொல். எட்டுப் பத்து மணித்தியாலம் இருந்தபடி வந்து, முகம் கழுவிவிட்டு 7 மணிக்கு விமானத்தில் ஏறுவது காசைக் காற்றில் விடுகிற வேலை. தூக்கமில்லாதவர் முதலில் இழப்பது வேகமானியைப் பார்க்கும் ஒழுங்கை. வெள்ளி பகல் றெயினில் போய், வெள்ளவத்தையில் உறவினர் வீட்டில் படுத்தெழும்புங்கள். அங்கிருந்து காலி வீதியில் 100 அல்லது 101 பஸ் பிடித்தால் விடியற்காலையில் அரை மணிக்குள் இரத்மலானை.

புறப்பட முன்பு பின்னேரம் போன் பண்ணி மூன்று கேள்வி கேளுங்கள்: விமானம் இன்று பறந்ததா? அடுத்த பரிசோதனைக்கு இன்னும் எத்தனை மணித்தியாலம் மிச்சம்? பயிற்றுநர் நாளை நிச்சயமா? "வாங்கோ, பாப்பம்" என்று மட்டும் பதில் வந்தால் ரிக்கெற்றை அடுத்த நாளுக்கு மாற்றுங்கள்.

*

சுன்னாகம் வாசகி: 18 மணித்தியாலம் ஆகிறது. ஒரு கிழமைக்கு முன்பு இரண்டு இறக்கம் அழகாக வந்தது. இப்போது எல்லாம் கெட்டுவிட்டது. சில நேரம் விமானம் மேலே எழும்புகிறது, சில நேரம் துள்ளுகிறது. விமானம் செஸ்னா 152, இருவர் இருக்கும் பயிற்சி விமானம். சோலோ (பயிற்றுநர் இல்லாமல் தனியே பறப்பது) தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது.

பதில்: அந்த இரண்டு இறக்கத்தின்போது பயிற்றுநரின் விரல் யோக்கில் (விமானத்தைத் திருப்பவும் மூக்கை ஏற்றி இறக்கவும் பிடிக்கும் கைபிடி) தொட்டுக்கொண்டிருந்திருக்கும். இப்போது அவர் கையை எடுத்துவிட்டார் என்பதே அநேகமான விளக்கம். ஆகவே பின்னுக்குப் போகவில்லை, பிள்ளை. இறக்குவது இப்போதுதான் முழுக்க உங்கள் கைக்கு வந்திருக்கிறது.

முதலில் வேகத்தைப் பாருங்கள். ஃபிளாப் (சிறகின் பின்விளிம்பில் உள்ள மடல்) இறக்கிய 152-க்கு ஓடுபாதையை இறுதியாக நெருங்கும் வேகம் 55 முதல் 65 நொட் (மணிக்கு அத்தனை கடல்மைல்). உங்கள் பயிற்றுநர் 60 சொல்கிறார் என்று வைப்போம். நீங்கள் 65-இல் ஓடுபாதை விளிம்பைக் கடந்தால் வேகம் கூடியது 8 வீதம்தான், ஆனால் சக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் விமானத்திடம் 17 வீதம் அதிகச் சக்தி இருக்கும். நிலத்துக்கு அண்மையில் இழுவை குறைவதால் அது லேசில் தீராது. விமானம் மிதந்துகொண்டு போகும். பொறுமை இழந்து மூக்கை அழுத்தினால் முன்சில்லு முதலில் அடிக்கும், துள்ளும், திரும்ப அழுத்தினால் அடுத்த துள்ளல் இன்னும் பெரிது. மூன்றாவதில் புறப்பெல்லர் நிலத்தில் உரசலாம். அப்படி உரசினால் எஞ்சினையே பிரித்துப் பார்க்க வேண்டும். எல்லாருடைய பயிற்சியும் மாதக்கணக்கில் நிற்கும்.

இந்தப் பிழையைத் திருத்தும் இடம் ஓடுபாதைக்கு மேலே 300 அடி. அந்த உயரத்தில் வேகம் 57-க்கும் 63-க்கும் இடையில் இருக்கிறதா, யோக்கில் இருந்து கையைச் சற்றுத் தளர்த்தினால் அந்த வேகத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் ட்ரிம் (கையை எடுத்தாலும் வேகம் மாறாமல் வைக்கும் அமைப்பு) சரியில்லை. அந்த இறக்கத்தை விட்டுவிட்டு மறுசுற்றுப் போங்கள், அதாவது இறங்காமல் மேலேறி மீண்டும் சுற்றி வாருங்கள். முழுப் பவர், காபரேற்றர் ஹீற்றை (காபரேற்றரில் பனி பிடிக்காமல் சூடு கொடுக்கும் பிடி) உள்ளே தள்ளுவது, ஃபிளாப்பை 20 பாகைக்கு எடுப்பது, 55 நொட் பிடிப்பது, பிறகு மிச்ச ஃபிளாப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது. இந்த ஒழுங்கு மாறக் கூடாது. பதற்றத்தில் ஃபிளாப் முழுவதையும் ஒரேயடியாக எடுத்தால் விமானம் கீழே அமிழும். சிறு துள்ளல், அதாவது ஓரிரு அடி, என்றால் மூக்கை இருந்த நிலையில் பிடித்து, துளி பவர் கொடுத்து, தானே இறங்க விடலாம். அதற்கு மேல் எது துள்ளினாலும் மறுசுற்று.

அடுத்தது கண். மூக்குக்கு நேர் முன்னே உள்ள நிலத்தைப் பார்த்தால் அது வேகமாக ஓடி வருவது போலத் தெரியும். பயத்தில் கை முன்கூட்டியே இழுக்கும், விமானம் எழும்பும். இறங்க முன் மூக்கை நிமிர்த்தத் தொடங்கும் கணத்தில் பார்வை ஓடுபாதையின் தொங்கலுக்குப் போக வேண்டும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை: இருக்கை. ஒரு நாள் உயரம் ஒரு மாதிரி, அடுத்த நாள் வேறு மாதிரி இருந்தால் கண் பழகிய கோடு மாறிவிடும். உயரம் குறைந்தவர் என்றால் ஒரே குஷனை ஒவ்வொரு முறையும் கொண்டுபோங்கள். இருக்கையைப் பூட்டிய பிறகு முன்னும் பின்னும் பலமாக அசைத்து, பூட்டு ஊசி துளைக்குள் விழுந்ததை உறுதிப்படுத்துங்கள். மேலெழும்போது இருக்கை பின்னே சறுக்கினால், யோக்கைப் பிடித்தபடி நீங்களும் பின்னே போவீர்கள், மூக்கு வானத்தைப் பார்க்கும்.

பயிற்றுநரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, இறங்காமல் ஓடுபாதைக்கு மேலே நான்கைந்து அடியில் பவரோடு முழு நீளமும் பறக்கும் பயிற்சி. இதில் நிமிர்த்திய நிலை கண்ணில் நன்றாகப் படியும். மற்றது, வேறொரு பயிற்றுநரோடு ஒரேயொரு பறப்பு. அதற்கு யாரும் கோபிக்க வேண்டியதில்லை, நல்ல பயிற்றுநர் தாமே சொல்வார். தொடர்ந்து மூன்று இறக்கம் கெட்டால் அன்று சுற்றுப்பாதையை விட்டு வெளியே போய் 3000 அடியில் ஸ்ரோல் (சிறகு தூக்குவிசையை இழக்கும் நிலை) பயிற்சி செய்துவிட்டு வாருங்கள். களைத்த கை எட்டாவது சுற்றில் திருந்தியதாகக் கேள்வியில்லை.

*

மானிப்பாய் வாசகர்: முழுக் காசையும் கட்டிச் சேர்ந்தேன். பயிற்சி நிலையத்தில் பறக்கும் நிலையில் இருந்தது ஒரு விமானம். அது 'பரிசோதனை' என்று நின்று இரண்டு மாதம். பொருள் வர வேண்டும் என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில் (பொறியியலாளர்): ஏமாற்றாமலும் இது நடக்கும். பயிற்சி விமானத்துக்கு ஒவ்வொரு 100 மணித்தியாலத்துக்கும் பெரிய பரிசோதனை உண்டு. இடையில் 50 மணித்தியாலத்தில் ஒயில் மாற்றம். எல்லாம் சரியாக இருந்தால் 100 மணித்தியால வேலை சில நாளில் முடியும். சிக்கல் வருவது கண்டுபிடிப்புகளால். சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் 80 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுத்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்போம். மற்ற மூன்றும் 74, 75 காட்டும்போது ஒன்று மட்டும் 50-களில் நின்றால், காற்று எக்ஸோஸ்ற் பக்கம் சீறுகிறதா, ஒயில் ஊற்றும் வாயில் சீறுகிறதா என்று காதை வைத்துக் கேட்போம். முதலாவது என்றால் வால்வு, இரண்டாவது என்றால் பிஸ்ரன் வளையம். எதுவானாலும் சிலிண்டர் கழற்ற நேரும். மெக்னீற்றோவை (பிளக்குக்குத் தீப்பொறி மின்சாரம் கொடுக்கும் கருவி) 500 மணித்தியாலத்துக்கு ஒருமுறை பிரித்துப் பார்ப்பது வழக்கம். இவற்றுக்கான உதிரிப்பாகங்களைக் கொழும்பின் வாகன உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் வாங்க முடியாது. தகுதிச் சான்றிதழோடு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அதுவும் டொலரில். 2022-இல் 200 ரூபாய் சுற்றி நின்ற டொலர் சில மாதங்களில் 360-ஐத் தொட்டது நினைவிருக்கும். இந்தத் துறையில் பெற்றோல், உதிரிப்பாகம், காப்புறுதி எல்லாமே அந்த விலையோடுதான் ஏறும்.

ஆனால் முழுக் காசையும் முன்கூட்டியே கட்டியதில் எங்களுக்கு உடன்பாடில்லை. இனிச் சேருபவர்களாவது ஐந்து அல்லது பத்து மணித்தியாலத் தொகுதியாகக் கட்டுங்கள். பறக்காத மணித்தியாலத்துக்கு எத்தனை நாளில் காசு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பறக்கும் நிலையில் உள்ள விமானம் எத்தனை என்று கேட்டால் மட்டும் போதாது, போய் எண்ணிப் பாருங்கள். ரயரில் காற்றில்லாமல், கண்ணாடி மூடியபடி மூலையில் நிற்பதை எண்ணாதீர்கள். நீங்கள் இப்போது செய்யக்கூடியது: என்ன பாகம், எப்போது ஓடர் கொடுத்தது, எப்போது வரும் என்று எழுத்தில் கேட்பது. பாகத்தின் பெயரையே சொல்லத் தயங்கினால் மிச்சக் காசைக் கேட்க நேரம் வந்துவிட்டது.

விமானம் நிற்கும்போது ஹங்கருக்குப் போய் நில்லுங்கள், மூடியைக் கழற்றிய எஞ்சினைப் பார்க்க வேறு நாள் கிடைக்காது. பறப்பு ரத்தாகும் இன்னொரு வழமையான காரணமும் அங்கே விளங்கும்: 152-இல் மேலெழ முன் எஞ்சினை நிமிடத்துக்கு 1700 சுற்றில் ஓட்டி இரண்டு மெக்னீற்றோவையும் தனித்தனியே பார்க்கிறோம். எதிலும் 125 சுற்றுக்கு மேல் விழக் கூடாது, இரண்டுக்கும் வித்தியாசம் 50-ஐத் தாண்டக் கூடாது. எஞ்சின் நடுங்கி அதிகம் விழுந்தால் அநேகமாக அடிப்புற பிளக்கில் ஈயம் படிந்திருக்கும். விமானப் பெற்றோலில் ஈயம் உண்டு. சுற்றைக் கூட்டி, கலவையை மெல்லியதாக்கி (காற்றோடு சேரும் எரிபொருளைக் குறைத்து) சிறிது நேரம் ஓட்டினால் பல தடவை எரிந்து போய்விடும். போகாவிட்டால் திரும்பி வர வேண்டியதுதான். நிலத்தில் உருளும்போது கலவையை மெல்லியதாக வைக்கப் பழகும் மாணவருக்கு இந்த ரத்து குறையும்.

*

சாவகச்சேரி வாசகர்: மருத்துவப் பரிசோதனையில் நிறப்புள்ளிப் புத்தகத்தில் சில எண்களை வாசிக்க முடியவில்லை. கண்ணாடியும் போடுகிறேன். இனிப் பறக்க முடியாதா?

பதில்: கண்ணாடி தடையில்லை. தனியார் விமானிக்கான இரண்டாம் வகுப்புச் சான்றிதழுக்குக் கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/12, இரண்டும் சேர்ந்து 6/9 போதும். தொழில் விமானிக்கான முதலாம் வகுப்புக்கு 6/9, சேர்ந்து 6/6. மேலதிகக் கண்ணாடி ஒன்றைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

புள்ளிப் புத்தகத்தில் தவறியது முடிவல்ல. சர்வதேச விதிப்படி, விமானத்துறையில் பயன்படும் நிறவிளக்குகளைச் சரியாக இனங்காண்பதாக வேறு பரிசோதனையில் காட்டினால் தேறலாம். ரேடியோ பழுதானால் விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திலிருந்து சிவப்பு, பச்சை விளக்குதான் காட்டுவார்கள், அதனால்தான் இந்தக் கண்டிப்பு. அதிலும் தவறினால் இரண்டாம் வகுப்பு பகல் பறப்புக்கு மட்டும் என்ற வரையறையோடு கிடைக்க வாய்ப்புண்டு. அடுத்த படி எது என்பதை சிவில் விமானச் சேவைகள் அதிகார சபையின் மருத்துவப் பிரிவில் கேளுங்கள். விமானக் கம்பனி வேலைதான் நோக்கம் என்றால், முதல் பாடத்துக்குக் காசு கட்ட முன்பே முதலாம் வகுப்புப் பரிசோதனை செய்வதுதான் புத்தி. சீனி, பிறஷர் எதையும் ஒளிக்காதீர்கள். குளிசையைச் சொன்னால் சில கிழமை தாமதம், ஒளித்துப் பிடிபட்டால் சான்றிதழே போகும்.

*

காரைநகர் வாசகர்: ஓடுபாதை 22. கோபுரம் சொன்ன காற்று 250 பாகை, 15 நொட். கைநூலில் 152-க்குப் பக்கக்காற்று 12 நொட் என்று இருக்கிறது. கணக்குப் பார்த்தால் பக்கக்காற்று 12 வராது. ஆனாலும் என் சோலோவைப் பயிற்றுநர் ரத்துப் பண்ணினார். நியாயமா?

பதில்: நியாயம். ஓடுபாதை 22 என்றால் அதன் திசை 220 பாகை. காற்றோடு உள்ள 30 பாகை வித்தியாசத்துக்குப் பாதி என்று எடுத்தால் பக்கக்காற்று ஏழரை நொட், உங்கள் கணக்குச் சரி. (45 பாகைக்கு 0.7, 60 பாகைக்கு 0.9 என்று மனனம் செய்துவையுங்கள், எழுத்துப் பரீட்சைக்கும் உதவும்.) ஆனால் சோழகம் (தென்மேல் காற்று) ஒரே அளவில் வீசுவதில்லை. இடையில் 22 நொட் வரை உந்தினால் பக்கக்காற்று 11. திசை இன்னும் 20 பாகை திரும்பினால் அந்த உந்தலில் 17 நொட். கைநூலில் உள்ள 12, தேர்ந்த சோதனை விமானி செய்து காட்டிய அளவு. சோலோ மாணவருக்குப் பயிற்சி நிலையம் தனக்கென்று குறைந்த எல்லை வைப்பது வழமை. அந்த எல்லை எத்தனை நொட் என்று கேட்டுக் கொப்பியில் எழுதுங்கள். சோலோ ரத்தான அதே நாளில் பயிற்றுநரோடு ஏறிப் பக்கக்காற்று இறக்கம் பழகக் கேட்டிருந்தால் அந்த நாள் வீணாகியிருக்காது.

*

பருத்தித்துறைத் தாயார்: மகன் உயர்தரம் முடித்துப் போனவர். 22 மணித்தியாலம் முடிந்தும் தனியே விடவில்லை. கூடச் சேர்ந்த பிள்ளை 13 மணித்தியாலத்தில் தனியே பறந்துவிட்டார். நகை அடகு வைத்த காசு. நிற்பாட்டவா?

பதில்: அம்மா, 13-க்கும் 22-க்கும் உள்ள வித்தியாசத்தை வைத்து ஒன்றும் முடிவெடுக்க வேண்டாம். நெரிசலான விமான நிலையத்தில் ஓடுபாதைக்காகக் காத்திருக்கும் நேரமும் மணித்தியாலக் கணக்கில் சேரும். இடைவெளி விட்டுப் பறந்தவருக்கும் கூடும். தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேசக் குறைந்தபட்சம் 40 மணித்தியாலம், வயது 17. பெரும்பாலானோர் 40-இல் முடிப்பதில்லை. 60 என்று வைத்துக் காசு தேடுங்கள். தொழிலாகச் செய்ய வணிக விமானி உரிமம் வேண்டும், அதற்கு 200 மணித்தியாலம், அங்கீகரிக்கப்பட்ட பயிற்சி என்றால் 150. இந்தக் கணக்கை முதலே யாரும் சொல்லவில்லை என்றால் அது பயிற்சி நிலையத்தின் குறை.

மகனின் பயிற்சிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கடைசி ஐந்து பறப்பில் பயிற்றுநர் எழுதிய குறிப்பு மாறி மாறி வருகிறதா, ஒரே வசனமா? முதலில் வேகம், பிறகு நிமிர்த்தல், பிறகு பக்கக்காற்று என்று குறை நகர்ந்தால் பிள்ளை முன்னேறுகிறார். ஐந்திலும் ஒரே குறை என்றால் பயிற்றுநரை மாற்றக் கேளுங்கள். மாற்றி இன்னும் ஐந்து மணித்தியாலம் போயும் அசையவில்லை என்றால் அப்போது நிற்பாட்டுவது பற்றிக் கதைக்கலாம். அடுத்த அடகுக்கு முன்பு அந்த ஐந்து மணித்தியாலத்தைப் பாருங்கள். மகனிடம் ஒவ்வொரு இரவும் "இண்டைக்கு விட்டவங்களோ?" என்று கேட்காமல் இருந்தால் அவருக்கும் உதவி.

*

அச்சுவேலி வாசகர்: உரிமத்துக்கு வேண்டிய தனியே தூரப் பறப்பை இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குச் செய்ய ஆசை. மூன்று தரம் நாள் குறித்துத் தவறிவிட்டது. வீட்டார் எல்லோரும் பலாலிக்கு வரக் காத்திருக்கிறார்கள்.

பதில்: ஆசை விளங்குகிறது. 1947 டிசம்பர் 10-இல் எயார் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போனது. ஆனால் உரிமத்துக்கான பறப்பை இந்த ஆசையோடு முடிச்சுப் போடுவது தாமதத்தை விலைக்கு வாங்குவது.

விதி கேட்பது மொத்தம் 150 கடல்மைல், வழியில் இரண்டு வேறு விமான நிலையங்களில் முழுமையாக நிறுத்தி இறங்குவது. இரத்மலானையிலிருந்து பலாலி ஒரு வழி மட்டும் ஏறக்குறைய 178 கடல்மைல். போய் வர 356, ஆனாலும் இறங்குவது ஒரு வேறு நிலையம்தான். இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். எரிபொருளைப் பாருங்கள்: சாதாரணத் தாங்கியுள்ள 152-இல் பயன்படுத்தக்கூடியது 93 லீற்றர். 95 நொட்டில் போக ஒரு மணி 52 நிமிடம், மணிக்கு 23 லீற்றர் என்றால் 43, உருளவும் ஏறவும் ஐந்தாறு சேர்த்து 49. மிச்சம் 44. திரும்பி வரும்போது 15 நொட் எதிர்க்காற்று என்றால் நிலவேகம் 80, நேரம் இரண்டே கால், எரிபொருள் 51-க்கு மேல். அரை மணித்தியால இருப்பைச் சேர்க்க முன்பே பற்றாக்குறை. பலாலியில் விமானப் பெற்றோல் நிரப்ப முதல் நாளே உறுதி கிடைத்தால் தவிர இந்தப் பறப்பு இல்லை. இதற்கு இரண்டு முனையிலும் நல்ல வானிலை, அனுமதி, எரிபொருள், முழுநாளுக்கு விமானம் எல்லாம் ஒரே நாளில் பொருந்த வேண்டும். மூன்று தரம் தவறியதில் ஆச்சரியம் இல்லை.

பயிற்றுநர் ஒத்துக்கொண்டால் இரத்மலானை, சீகிரியா, அனுராதபுரம், இரத்மலானை என்று முக்கோணமாகப் போங்கள். 205 கடல்மைல் அளவு, இரண்டே கால் மணித்தியாலப் பறப்பு, 60 லீற்றருக்குள் முடியும். பலாலிக்கு உரிமம் கையில் வந்த பிறகு, பயிற்றுநரையோ அனுபவமுள்ள விமானியையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு வாருங்கள். அப்போதும் வீட்டாருக்கு நேரம் சொல்ல வேண்டாம், இறங்கி எஞ்சினை நிறுத்திவிட்டுப் போன் எடுங்கள். அச்சுவேலியிலிருந்து பலாலி அவர்களுக்குப் பக்கம்தானே. வேலிக்கு வெளியே இருபது பேர் காத்து நிற்கிறார்கள் என்று தெரிந்தால், மாங்குளத்துக்கு மேலே மேகம் இறங்கும்போது திரும்ப மனம் வராது.